அண்டை நாடுகளின் கூட்டு – 12: பெங்களூரில் பேசாமல் விட்டது

1986 நவம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. தெற்காசியாவின் ஏழு நாடுகளின் தலைவர்கள் தங்கள் கூட்டமைப்பான சார்க்கின் மாநாட்டுக்காகப் பெங்களூரில் கூடினார்கள். ராஜீவ் காந்தி, பாகிஸ்தான் பிரதமர் முகமது கான் ஜுனேஜோ, இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தன, வங்கதேசத்தின் எர்ஷாத், மாலத்தீவின் மாமூன் அப்துல் கயூம், நேபாள மன்னர் பிரேந்திரா, பூடான் மன்னர் ஜிக்மே சிங்கே வாங்சுக். சென்ற பகுதியில் பார்த்த டாக்கா மாநாடு முடிந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. டாக்காவில் சாசனத்தில் கையெழுத்து விழுந்துவிட்டது. அந்தச் சாசனத்துக்குக் கை கால் முளைக்குமா என்பது பெங்களூரில்தான் தெரியவேண்டியிருந்தது. பிரகடனத்தை மட்டும் படிப்பவருக்கு மாநாடு வெற்றி என்றே தோன்றும். சார்க் செயலகத்தைக் காட்மாண்டுவில் அமைக்க ஒப்பந்தமாயிற்று. அடுத்த ஜனவரி 16 அன்று அது திறக்கப்பட்டு, வங்கதேசத்தின் அபுல் அஹ்சான் முதல் பொதுச் செயலாளரானார். குழந்தைகளுக்குத் தடுப்பூசி, தொடக்கக் கல்வி, பாதுகாப்பான குடிநீர் பற்றி உறுதிமொழிகள் வந்தன. வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பரிமாறிக்கொள்வது, ஆவண மையம், மாணவர் உதவித்தொகை, சுற்றுலா ஆகியவற்றுக்குத் திட்டங்கள் வகுக்கப்பட்டன. பயங்கரவாதம் கண்டிக்கப்பட்டது. தலைவர்கள் நந்தி மலைக்குப் போய்க் காற்று வாங்கினார்கள்.

ஆனால் அந்த இரண்டு நாட்களில் பெங்களூரில் நடந்த முக்கியமான பேச்சுகள் எதுவும் பிரகடனத்தில் இல்லை. முதலாவது, பாகிஸ்தான் விவகாரம். ராஜஸ்தான் பாலைவனத்தில் இந்திய ராணுவம் ‘பிராஸ்டாக்ஸ்’ என்ற பெயரில் மாபெரும் போர்ப் பயிற்சிக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தது. நிஜப் படையெடுப்பைப் பயிற்சி என்ற பெயரில் மறைக்கிறார்களோ என்று இஸ்லாமாபாத் கலங்கியது. ஜுனேஜோ இதைப் பெங்களூரில் ராஜீவிடம் நேரில் கேட்டார். ராஜீவ் கவலை வேண்டாம் என்று சமாதானம் சொன்னார். அந்தச் சமாதானம் இரண்டு மாதம்தான் தாங்கியது. 1987 ஜனவரியில் இரு நாட்டுப் படைகளும் எல்லைக்கு நகர்ந்தன. பிப்ரவரியில் பாகிஸ்தான் ஜனாதிபதி ஜியா உல் ஹக் ஜெய்ப்பூருக்குக் கிரிக்கெட் பார்க்க வந்துதான் சூடு தணிந்தது. ஏழு நாட்டு அமைப்பு ஒன்று உயிரோடிருக்கிறதே, அதைக் கூட்டுவோம் என்று அந்த ஜனவரியில் யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கூட்ட வழியில்லை. காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாவது, தமிழ் வாசகர்களுக்கு நெருக்கமானது. மாநாட்டுக்கு ஒரு வாரம் முன்பு, நவம்பர் 8ஆம் தேதி, தமிழ்நாட்டுக் காவல்துறை மாநிலம் முழுக்க ஈழ இயக்கங்களின் முகாம்களைச் சோதித்து ஆயுதங்களைக் கைப்பற்றியிருந்தது. மாநாடு நடக்கையில் பிரபாகரனைச் சென்னையிலிருந்து விமானத்தில் பெங்களூருக்கு அழைத்து வந்தார்கள். ஆன்டன் பாலசிங்கமும் உடன் வந்தார். முதல்வர் எம்.ஜி.ஆரும் வரவழைக்கப்பட்டார். ஜெயவர்த்தனவின் யோசனை கிழக்கு மாகாணத்தைத் தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று மூன்றாகப் பிரிப்பது. அதை ஏற்கும்படி இந்தியத் தரப்பு வற்புறுத்தியது. பிரபாகரன் மறுத்துவிட்டார். சென்னை திரும்பியதும் அவருடைய தகவல் தொடர்புக் கருவிகள் பறிமுதலாயின; அவர் உண்ணாவிரதம் இருந்தார்; கருவிகள் திரும்பி வந்தன. அடுத்த ஜூன் 4 அன்று இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின் மேல் உணவுப் பொட்டலங்களைப் போட்டன. ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ்–ஜெயவர்த்தன ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு தீவின் தலையெழுத்தை மாற்றிய இந்த நிகழ்வுகளின் முன்னுரை பெங்களூரில், சார்க் மாநாடு நடந்த அதே நாட்களில் எழுதப்பட்டது. சார்க் பதிவேடுகளில் அதற்கு ஒரு வரிகூடக் கிடையாது.

இது தற்செயலும் இல்லை, யாரும் அங்கே எதையும் மறைக்கவும் இல்லை. சாசனத்தின் பத்தாவது பிரிவே அப்படி. அது மிகச் சிறியது, இரண்டே விதிகள். எந்த மட்டத்திலும் முடிவுகள் எல்லோருடைய சம்மதத்தோடும்தான் எடுக்கப்படவேண்டும் என்பது ஒன்று. இரு நாடுகளுக்கு இடையிலான விவகாரங்களையும் சர்ச்சைக்குரியவற்றையும் பேச்சிலிருந்து விலக்கிவைக்கவேண்டும் என்பது மற்றொன்று. சார்க்கைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதல் விதியைத்தான் குற்றம் சொல்வார்கள்: ஒரு நாடு முரண்டு பிடித்தால் எல்லோரும் நிற்கவேண்டியிருக்கிறது என்று. என் கணக்கில் பெரிய கேடு இரண்டாவது விதிதான். அண்டை நாடுகள் கூட்டாக வாழ்வதற்கான அமைப்பு எதுவானாலும், அவை எதற்காகச் சண்டை போடுகின்றனவோ அந்தப் பொருளைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டால்தான் அதற்கு வேலை இருக்கும். சண்டையை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வரச் சொல்லும் அமைப்பு, சண்டை முற்றும் நாளில் வாசலோடு நின்றுவிடும். பெங்களூர் இதற்கு முதல் சாட்சி.

ஐரோப்பா இதற்கு நேர் எதிரான திசையில் தொடங்கியது. 1950 மே 9 அன்று பிரான்ஸின் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமான் ஓர் அறிக்கை வெளியிட்டார். போர் முடிந்து ஐந்தே ஆண்டுகள். பிரான்ஸும் ஜெர்மனியும் முக்கால் நூற்றாண்டுக்குள் மூன்று முறை மோதியிருந்தன. ரூர் பள்ளத்தாக்கின் நிலக்கரி யார் கையில், சார் பகுதி யாருடையது, எஃகு உருக்கிப் பீரங்கி செய்யும் வலு யாருக்கு என்பதெல்லாம் வெறும் பொருளாதாரக் கேள்விகள் இல்லை; சண்டையின் மூலப்பொருளே அதுதான். ஷூமான் சொன்னது இவ்வளவே: இரு நாடுகளின் நிலக்கரி, எஃகு உற்பத்தி முழுவதையும் ஒரு பொது அதிகாரத்தின் கீழ் வைப்போம், மற்ற நாடுகளும் சேரலாம். 1951 ஏப்ரலில் பாரிஸ் உடன்படிக்கையில் ஆறு நாடுகள் கையெழுத்திட்டன. ஜான் மோனே அந்த உயர் அதிகாரத்தின் முதல் தலைவர். எல்லையைப் பற்றியோ பழைய காயங்களைப் பற்றியோ அவர்கள் நேரடியாகப் பேசவில்லை என்பதையும் கவனிக்கவேண்டும். பேச முயன்ற இடத்தில் தோற்றார்கள்: ஐரோப்பாவுக்குப் பொது ராணுவம் அமைக்கும் உடன்படிக்கையை 1954 ஆகஸ்டில் பிரெஞ்சு நாடாளுமன்றமே கவிழ்த்தது. சண்டை மனத்தில் இருக்கும். அதை யாரும் பொதுவில் வைக்க முடியாது. அந்தச் சண்டைக்குத் தீனி போடும் பொருளை வைக்கலாம். அதைத்தான் வைத்தார்கள்.

அப்படிப் பொதுவில் வைத்ததன் பலன் 1965இல் தெரிந்தது. விவசாய மானியம், வாக்குரிமை பற்றிய தகராறில் பிரெஞ்சு அதிபர் டி கோல் தன் ஆட்களைப் பிரஸ்ஸல்ஸ் கூட்டங்களிலிருந்து விலக்கிக்கொண்டார். ஜூலை முதல் மறு ஜனவரி வரை பிரான்ஸின் நாற்காலி காலியாகக் கிடந்தது. ஆனாலும் ஐரோப்பியச் சமூகம் என்ற அந்த அமைப்பு மூடப்படவில்லை. பிரெஞ்சு விவசாயி ஜெர்மன் சந்தையை நம்பியிருந்தான். 1963இலேயே ஐரோப்பிய நீதிமன்றம் சமூகத்தின் சட்டம் குடிமக்களுக்கு நேரடியாக உரிமை தரும் என்று தீர்ப்பளித்திருந்தது. விலகி நின்றவருக்கும் திரும்பி வரவேண்டிய அவசியம் இருந்தது. ஏழு மாதத்தில் ஒரு சமரசத்தோடு பிரான்ஸ் திரும்பியது. அந்தச் சமரசத்தின்படி முக்கிய நலன் என்று ஒரு நாடு சொன்னால் ஒருமித்த முடிவு வரும்வரை பேசவேண்டும். அதாவது சார்க்கின் முதல் விதி ஐரோப்பாவிலும் இருபது ஆண்டுகள் நடைமுறையில் இருந்தது. அதைச் சுமந்துகொண்டே அவர்கள் வளர்ந்தார்கள். அதைத் தளர்த்திப் பெரும்பான்மை வாக்கெடுப்பை விரிவாக்கிய ஒற்றை ஐரோப்பியச் சட்டத்தில் கையெழுத்து விழுந்தது 1986 பிப்ரவரியில், பெங்களூர் மாநாட்டுக்கு ஒன்பது மாதம் முன்பு.

தெற்காசியாவில் காலி நாற்காலி என்ன செய்தது என்று பாருங்கள். இலங்கையில் இந்திய அமைதிப் படை இருந்ததால் 1989இல் கொழும்பில் நடக்கவேண்டிய மாநாடு நடக்கவில்லை. 1991ஆம் ஆண்டு மாநாடு, பூடான் மன்னரால் வர இயலவில்லை என்பதால் தள்ளிப்போய், டிசம்பரில் ஒரே நாளில் முடிந்தது. பாபர் மசூதி இடிப்புக்குப் பின் டாக்கா மாநாடு 1993 ஏப்ரலுக்குப் போயிற்று. பாகிஸ்தானில் முஷாரஃபின் ராணுவப் புரட்சிக்குப் பின் காட்மாண்டு மாநாடு 2002 ஜனவரி வரை காத்திருந்தது. 2014 நவம்பரில் காட்மாண்டுவில் நடந்த பதினெட்டாவது மாநாடே கடைசி. 2016 செப்டம்பரில் உரி முகாம் தாக்கப்பட்டதும் இஸ்லாமாபாத் மாநாட்டுக்குப் போவதில்லை என்று இந்தியா அறிவித்தது. வேறு சில நாடுகளும் அப்படியே சொல்ல, பத்தொன்பதாவது மாநாடு இன்றுவரை நடக்கவில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவுக்காகக் காணொளியில் ஒருமுறை முகம் பார்த்துக்கொண்டதோடு சரி. இதில் எவருக்கும் நஷ்டமில்லை என்பதுதான் வேடிக்கை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேற முடிவெடுத்தது 2016 ஜூனில். வெளியே வந்தது 2020 ஜனவரி 31 அன்று. நடுவில் இரண்டு பிரதமர்கள் பதவியிழந்தார்கள். அயர்லாந்து எல்லைச் சிக்கல் அதற்குப் பிறகும் ஓயவில்லை. சார்க்கிலிருந்து யாரும் வெளியேற வேண்டிய அவசியமே இல்லை, வராமலிருந்தால் போதும்.

வணிகத்திலும் இதே கதைதான். பெங்களூரில் ஏற்றுக்கொண்ட வேலைத்திட்டத்தில் விவசாயம், வானிலை, தபால், சுகாதாரம், விளையாட்டு எல்லாம் இருந்தன; வணிகம் இல்லை. அது சர்ச்சைக்குரியது. முன்னுரிமை வணிக ஒப்பந்தம் 1993இல் வந்தது. தடையற்ற வணிகப் பகுதிக்கான ‘சாஃப்டா’ 2004இல் கையெழுத்தாகி 2006 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. ஒவ்வொரு நாடும் தனக்கு வலிக்கும் சரக்குகளை ‘உணர்திறன் பட்டியல்’ என்று தனியே எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்துக்குத் தீர்வையைக் குறைத்தது. எதை விற்றால் அண்டை வீட்டான் லாபமடைவானோ அதெல்லாம் பட்டியலுக்குள் போயிற்று. தகராறு வந்தால் தீர்க்க நீதிமன்றம் இல்லை, அதிகாரிகளின் குழுதான். உலக வங்கி 2018இல் வெளியிட்ட ஆய்வு, தெற்காசிய நாடுகளின் மொத்த வணிகத்தில் ஐந்து சதவீதம் மட்டுமே அவற்றுக்குள் நடக்கிறது என்கிறது. கிழக்கு ஆசிய, பசிபிக் வட்டாரத்தில் அது ஐம்பது சதவீதம். இந்தியா தன் அண்டை நாடான பாகிஸ்தானோடு வணிகம் செய்வதைவிடப் பிரேசிலோடு செய்வதற்குச் செலவு குறைவு என்ற கணக்கும் அதில்தான் இருக்கிறது.

இதற்கு முதல் மறுப்பு வலுவானது. பத்தாவது பிரிவு இல்லாவிட்டால் சார்க்கே பிறந்திருக்காது என்பார்கள். உண்மைதான். வங்கதேசத்தின் ஜியாவுர் ரஹ்மான் 1980இல் இந்த யோசனையை முன்வைத்தபோது டெல்லிக்கு ஒரு பயம்: சின்ன நாடுகளெல்லாம் சேர்ந்துகொண்டு தன்மேல் புகார்ப் பட்டியல் வாசிக்க ஒரு மேடை கிடைத்துவிடும். இஸ்லாமாபாத்துக்கு இன்னொரு பயம்: பிராந்தியம் என்ற பெயரில் இந்தியா தன் சந்தையையும் செல்வாக்கையும் விரித்துக்கொள்ளும். இரண்டு பயத்துக்கும் ஆதாரம் வரைபடத்திலேயே இருந்தது. மக்கள் தொகையில் முக்கால் பங்கு இந்தியா. அந்த ஏழு நாடுகளில் மற்ற ஆறும் நிலத்திலோ கடலிலோ இந்தியாவை ஒட்டியவை. அந்த ஆறில் எதுவும் மற்றொன்றோடு நில எல்லை கொண்டதில்லை. ஆகவே அங்கே எந்தச் சண்டையைப் பேசினாலும் அது இந்தியாவோடு உள்ள சண்டையாகத்தான் இருக்கும். 1983 ஆகஸ்ட் தொடக்கத்தில் டெல்லியில் ஏழு நாட்டு வெளியுறவு அமைச்சர்களின் முதல் கூட்டம் நடந்தபோது, கொழும்பில் கறுப்பு ஜூலையின் புகை அடங்கியிருக்கவில்லை. விதி இல்லாமல் அந்தக் கூட்டம் ஒரு மணி நேரம் தாங்கியிருக்காது. இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். பிறப்பதற்கு அந்த விதி தேவைப்பட்டது. ஆனால் நாற்பது ஆண்டுகளாக அதைத் திருத்தாமல் வைத்திருப்பதற்கு அது காரணமாகாது. ஐரோப்பியர்கள் தங்கள் உடன்படிக்கையை 1957, 1986, 1992, 2007 என்று திரும்பத் திரும்பத் தொட்டார்கள். சார்க் சாசனத்தின் பத்தாவது பிரிவில் ஒரு சொல்லும் மாறவில்லை.

இரண்டாவது மறுப்பு ஆசியான். அதுவும் ஒருமித்த சம்மதத்தில்தான் ஓடுகிறது, உள் விவகாரத்தில் தலையிடுவதில்லை என்கிறது. இருந்தும் 1967 முதல் நன்றாகத்தானே இருக்கிறது என்பார்கள். ஆசியான் மேசையில் சண்டையைப் பேசுவதில்லை என்பது பெருமளவு சரி. ஆனால் அதன் உறுப்பு நாடுகள் சண்டையை எங்கே கொண்டுபோயின என்று பார்க்கவேண்டும். சிபாடன், லிகிடான் தீவுகளுக்காக இந்தோனேசியாவும் மலேசியாவும் உலக நீதிமன்றத்துக்குப் போய் 2002இல் தீர்ப்பு வாங்கின. பெட்ரா பிராங்கா பாறைக்காக மலேசியாவும் சிங்கப்பூரும் போய் 2008இல் வாங்கின. தோற்றவர் தீர்ப்பை ஏற்றுக்கொண்டார். இதைவிட எனக்குப் பிடித்தது தாய்லாந்து–மலேசியா ஏற்பாடு. தாய்லாந்து வளைகுடாவில் இருவரும் உரிமை கொண்டாடிய கடல்பரப்பு ஒன்று இருந்தது, அடியில் எரிவாயு. எல்லைக்கோடு எங்கே என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, 1979இல் அந்தப் பரப்பையே கூட்டு வளர்ச்சிப் பகுதியாக அறிவித்தார்கள். பிறகு அதை நிர்வகிக்கக் கூட்டு ஆணையமும் வந்தது. எரிவாயு பாதிக்குப் பாதி. நிலக்கரியை எரிவாயு என்று மாற்றினால் ஷூமானின் அறிக்கைதான். பெரிய அண்ணனான இந்தோனேசியா 1966இல் மலேசியாவோடு மோதலை நிறுத்தியபின் அடக்கமாக நடந்துகொண்டது என்பதையும் சேர்த்துக்கொள்ளவேண்டும். டெல்லிக்குச் சொல்லப்படும் இந்தப் பாடம் டெல்லிக்குப் பிடிப்பதில்லை.

காஷ்மீர் நிலக்கரி அல்ல, அதைப் பங்குபோட முடியாது என்பது மூன்றாவது மறுப்பு. காஷ்மீரைப் பொதுவில் வை என்று யாரும் சொல்லவில்லை. பொது ராணுவம் பற்றிப் பிரெஞ்சுக்காரர்கள் சொன்னதையே இங்கும் சொல்வார்கள். ஆனால் காஷ்மீர் வழியாக ஓடும் தண்ணீரை வைக்க முடிந்தது. 1960 செப்டம்பர் 19 அன்று கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்ட சிந்து நதி உடன்படிக்கை ஆறு ஆறுகளைப் பிரித்து, இரு நாட்டு ஆணையர்களைக் கொண்ட நிரந்தர ஆணையத்தை அமைத்தது. தகராறு வந்தால் நடுநிலை நிபுணர், அதற்குமேல் நடுவர் மன்றம் என்று படிகளும் வைத்தது. 1965, 1971, கார்கில் என மூன்று மோதல்களைத் தாண்டி அது நின்றது. 2025 ஏப்ரலில் பஹல்காம் படுகொலைக்குப் பின் இந்தியா அதை நிறுத்தி வைத்தது உண்மை. இதைச் சுட்டிக்காட்டி, பார்த்தீர்களா, இதுவும் உடைந்தது என்று சொல்லலாம். நான் பார்ப்பது வேறு. அறுபத்தைந்து ஆண்டுகள் அது உழைத்தது. அதை நிறுத்தியது உலகச் செய்தியானது. தண்ணீரைத் தடுத்தால் அது போருக்கு ஒப்பானது என்றது பாகிஸ்தான். சார்க் மாநாடு நின்றதற்கு அப்படி யாராவது பதறினார்களா?

பெங்களூரை விட்டு வெகுதூரம் வந்துவிட்டோம். இந்த நகரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கும்போது பாரிஸுக்குப் போகத் தேவையில்லை. சார்க் மாநாட்டுக்கு நான்கு மாதம் முன்பு, 1986 ஜூலையில், காவிரித் தகராறைத் தீர்க்க நடுவர் மன்றம் அமைக்கும்படி தமிழ்நாடு மத்திய அரசைக் கேட்டது. 1892இலும் 1924இலும் சென்னை மாகாணமும் மைசூர் சமஸ்தானமும் செய்த ஒப்பந்தங்கள் இரண்டு அரசுகளுக்கு இடையிலான உடன்படிக்கைகளாகத்தான் இருந்தன. 1974க்குப் பிறகு பேச்சுவார்த்தை மேல் பேச்சுவார்த்தை, முடிவு இல்லை. 1990 ஜூனில் நடுவர் மன்றம் அமைந்தது. அது கலவரத்தைத் தடுத்ததா? இல்லை. 1991இல் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதும் டிசம்பரில் பெங்களூர்த் தமிழர்கள் அடிபட்டார்கள், வீடிழந்தார்கள், ஊரை விட்டு ஓடினார்கள். 2016 செப்டம்பர் 12 அன்று மறுபடி நகரம் எரிந்தது. தமிழ்நாட்டுப் பதிவெண் கொண்ட பேருந்துகள் வரிசையாகக் கொளுத்தப்பட்டன. அடுத்த ஞாயிற்றுக்கிழமை உரி தாக்குதல். அதே மாதக் கடைசியில் இஸ்லாமாபாத் மாநாடு கலைந்தது.

அந்தச் செப்டம்பரின் இரண்டு சண்டைகளும் அதற்குப் பின் போன வழியைப் பார்க்கவேண்டும். காவிரியில் உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16 அன்று தீர்ப்பளித்தது. தமிழ்நாட்டின் பங்கு 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 ஆகக் குறைந்தது, குறைந்ததில் 4.75 பெங்களூரின் குடிநீருக்கு. அந்த ஜூனில் காவிரி நீர் மேலாண்மை ஆணையம் அமைந்தது. அதன் கீழ் இயங்கும் ஒழுங்காற்றுக் குழுவின் தலைமையகம் பெங்களூரிலேயே இருக்கிறது. அதில் கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி நான்கின் பொறியாளர்களும் உட்கார்ந்து, கே.ஆர்.எஸ்., கபினி, மேட்டூர் அணைகளில் எவ்வளவு இருக்கிறது, பிலிகுண்டுலுவில் எவ்வளவு கடந்தது என்று ஒரே தாளை வைத்துக்கொண்டு வாதாடுகிறார்கள். 2023இல் மழை பொய்த்தபோது குழு விநாடிக்கு 5,000 கன அடி விடச் சொன்னது. கர்நாடகம் முடியாது என்றது, தமிழ்நாடு போதாது என்றது, பெங்களூரில் பந்த் நடந்தது. பேருந்துகள் எரியவில்லை. இதற்குக் காவல்துறையின் முன்னேற்பாடு உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் கோபத்துக்குப் போய் நிற்க ஓர் அலுவலகம் இருந்தது என்பதும் ஒரு காரணம்.

கர்நாடகமும் தமிழ்நாடும் ஒரே நாடு, மேலே உச்ச நீதிமன்றம் இருக்கிறது, இது எப்படி உதாரணமாகும் என்று கேட்கலாம். மேலே ஒன்று இருக்கவேண்டும் என்பதுதான் விஷயமே. ஐரோப்பிய நாடுகளுக்கு மேலே நீதிமன்றம் தானாக வந்துவிடவில்லை. அவையே கூடி அதை உண்டாக்கின, தங்கள் இறையாண்மையில் ஒரு துண்டை அறுத்துக் கொடுத்து. தெற்காசிய நாடுகள் அப்படி எதையும் கொடுத்ததே இல்லை என்பதும் சரியல்ல. வங்காள விரிகுடாவின் கடல் எல்லைக்காக வங்கதேசம் இந்தியாவை ஹேக் நகர நடுவர் மன்றத்துக்கு இழுத்தது. 2014 ஜூலையில் வந்த தீர்ப்பு, தகராறுக்குட்பட்ட சுமார் 25,600 சதுர கிலோமீட்டரில் 19,400க்கும் மேல் வங்கதேசத்துக்கு அளித்தது. இந்தியா முணுமுணுக்காமல் ஏற்றது. மறு ஆண்டு இரு நாடுகளும் 162 திட்டுகளை மாற்றிக்கொண்டு நில எல்லையையும் ஒழுங்கு செய்தன. 2018–19இல் வங்கதேசம் இந்தியாவுக்கு விற்ற சரக்கின் மதிப்பு முதன்முறையாக நூறு கோடி டாலரைத் தாண்டியது. 2011இல் இந்தியா மிகப் பின்தங்கிய நாடுகளுக்கான உணர்திறன் பட்டியலை 480 சரக்குகளிலிருந்து 25 ஆகக் குறைத்தது இதற்கு நேரடிக் காரணம். எல்லைத் தகராறு தீர்ந்தது நேரடிக் காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் தகராறு தீராத பாகிஸ்தானோடு 2019இல் வணிகமே நின்றுபோனதைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

அப்படியானால் தமிழர்களின் கரையில் பொதுவில் வைக்கவேண்டிய பொருள் எது? பாக் விரிகுடாவின் மீன். 1974, 1976 ஒப்பந்தங்கள் கடலில் கோடு கிழித்தன. கச்சத்தீவு அந்தப் பக்கம் போயிற்று. கோட்டுக்கு இருபுறமும் தமிழ் மீனவர்கள். போர் நடந்த ஆண்டுகளில் வடக்கு இலங்கை மீனவர்கள் கடலுக்குப் போக முடியாதிருந்தபோது ராமேஸ்வரம், நாகப்பட்டினம் விசைப்படகுகள் அந்தப் பக்கம் பழகின. போர் முடிந்து மன்னார், யாழ்ப்பாணத்துக்காரர்கள் திரும்பி வந்தபோது இழுவைமடி அடிமண்ணையே வாரிக்கொண்டு போயிருந்தது. இன்று கடற்படை பிடிக்கிறது, படகு பறிமுதலாகிறது, சென்னையிலிருந்து டெல்லிக்குக் கடிதம் போகிறது. கடிதத்தில் இலங்கைக் கடற்படை இருக்கும். வலை அறுபட்ட யாழ்ப்பாண மீனவன் இருக்கமாட்டான். இலங்கை 2017இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடை செய்தது. அதே ஆண்டு தமிழ்நாட்டு இழுவைப்படகுகளை ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாற்றும் மானியத் திட்டம் வந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒரு பொது ஆணையம் இருந்தால் எத்தனை படகு, எந்த வலை, எந்த நாள் என்பதை இரு கரை மீனவர்களின் பிரதிநிதிகளே கணக்குப் போடலாம். பாக் விரிகுடாவுக்கு அப்படி ஓர் ஆணையம் வேண்டும் என்று துறை அறிந்தவர்கள் வெகுகாலமாகச் சொல்லி வருகிறார்கள். இருப்பது 2016 நவம்பரில் டெல்லியில் ஒப்புக்கொண்ட கூட்டுப் பணிக்குழு. அதில் இரு நாட்டு அதிகாரிகள் உட்கார்ந்து பேசலாம். பிடிபட்ட ஒரு படகை விடுவிக்கவோ, ஒரு வலையைத் தடுக்கவோ அதற்கு அதிகாரமில்லை; சார்க்கோ, இதைப் பேசவே அனுமதிக்காது.

(அடுத்த பகுதி: 1989இல் கொழும்பில் நடக்காமல் போன மாநாடும், அது மாலேவுக்குப் போன கதையும்)